பழைய மர ஜன்னல் பலகைக்கு பிளாஸ்டிக் மேலுறை

ஜன்னலின் அடியில் படுக்கையாக இருக்கும் பழைய மரப் பலகையின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் மேலுறைப் பலகை மரத்தை மறைக்கும், குணப்படுத்தாது. தச்சு வேலை செய்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். ஈரம் ஏறிய பலகையின் மேல் உறையை ஒட்டினால், வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, மிச்சமிருக்கும் மரத்தையும் மக்க வைத்துவிடும். அதனால் குத்தூசியை எடுங்கள், ரம்பம் பிறகு.

பலகையின் இரண்டு முனைகள், சட்டத்தை ஒட்டிய இடுக்கு, முன்விளிம்பின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். நீங்கள் நெம்பினால் நீளமான சிலும்பாகப் பெயரும். மக்கிய மரத்தில் ஊசி சத்தமில்லாமல் இறங்கும், குட்டைத் துண்டுகளாக உதிரும். அப்படிப்பட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மரத்துண்டோ இரண்டு பொருளைக் கலந்து பூசும் மரப் புட்டியோ (wood putty) வைத்து நிரப்ப வேண்டும். ஈரம் எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பெரும்பாலும் கண்ணாடியோரம் பூசிய புட்டி வெடித்திருக்கும், அல்லது சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே கீறல் விட்டிருக்கும். அடைத்த பிறகு மரம் நன்றாகக் காயட்டும். இதில் அவசரப்படுபவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு.

உரிந்து நிற்கும் பெயிண்டைச் சுரண்டுங்கள். இல்லாவிட்டால் பசை பெயிண்டைத்தான் பிடிக்கும், மரத்தை அல்ல. மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

மேலுறைப் பலகைகள் வழக்கமாக 9 அல்லது 10 மி.மீ. கனம், முன்பக்கம் கீழ்நோக்கி மடிந்த மூக்கு இருக்கும். உள்நோக்கித் திறக்கும் ஜன்னலானால், அந்த 10 மி.மீ. உயர்வுக்குப் பிறகும் கதவு உரசாமல் திறக்குமா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். பழைய பலகையின் கனமும் மூக்கின் ஆழத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மரத்தின் முன்விளிம்பை இழைத்துக் குறைக்க வேண்டியதுதான்.

எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. அட்டையில் மாதிரி வெட்டி, பொருத்திப் பார்த்து, அதன்படி பலகையில் கோடு போடுங்கள். சுவர் வளைந்திருக்கும் இடத்தில் சிறு மரத்துண்டு ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதன் மறுபக்கம் பென்சிலைப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக இழுத்துக்கொண்டே போனால், சுவரின் மேடுபள்ளம் அப்படியே அட்டையில் பதியும். வெட்டுவதற்குச் சிறுபல் ரம்பம். கோட்டின் மேல் காகித டேப் ஒட்டிக்கொண்டால் விளிம்பு சிதறாது.

நீளத்தை இறுக்கமாக வெட்டாதீர்கள். இந்தப் பலகையின் பிளாஸ்டிக்கான பி.வி.சி. வெப்பத்தில் நீளும்: 2 மீட்டர் பலகை 30 டிகிரி வித்தியாசத்தில் 3 முதல் 4 மி.மீ. வரை நீளக்கூடும். இரு முனையிலும் 2, 3 மி.மீ. இடைவெளி விட்டால் பலகை நடுவில் எழும்பாது.

ஒட்டுவதற்கு, வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் சிலிக்கான். சுமார் 20 செ.மீ. இடைவெளியில் முன்னிருந்து பின்னாகக் கோடு கோடாக இடுங்கள். பலகையை வைத்து, ரசமட்டம் பார்த்து, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வரிசையாகப் பாரம் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். பலகையின் வெட்டிய முனைகளை மறைக்கும் முனைமூடிகளுக்கு உடனடிப் பசை போதும்.

பிறகு முனை இடைவெளிகளையும் சட்டத்தோரத்தையும் சிலிக்கானால் மூடுங்கள். மூக்கின் அடிப்பக்கத்தை மட்டும் மூடாமல் விடுங்கள். மரத்துக்கு மூச்சுவிட இருக்கும் வழி அதுதான். வெளிப்புறப் பலகையாக இருந்தால், அடியில் மழைநீர் சொட்டுவதற்கென்று ஓடும் பள்ளக்கோட்டையும் அடைத்துவிடக் கூடாது.

வழிந்த சிலிக்கானை அசிட்டோனால் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே கரைந்துவிடும். மேலே உள்ள பாதுகாப்புப் படலத்தின் ஓரங்களை ஒட்டுவதற்கு முன்பும், மீதியை வேலை முடிந்த அன்றே முழுவதுமாகவும் உரித்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.