அம்மாவின் மறதியும் வல்லாரையும்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. போன வருஷம் மறதி கூடிப்போனது. அடுப்பில் பால் வைத்தது நினைவிருக்காது. மாத்திரை போட்டாச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது வல்லாரை.

நாட்டு மருந்துக் கடையில் லேகியத்தைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் வெல்லம். அது வேண்டாமென்று கீரையாகவே வாங்கினேன். ஈரமண்ணில் படர்வது, நன்றாக அலச வேண்டும். நல்லெண்ணெயில் உளுந்து, வரமிளகாய், கொஞ்சம் புளியோடு வதக்கி, தேங்காய் சேர்த்து அரைத்தால் கசப்பு அடங்கிவிடும். அம்மா விரும்பிச் சாப்பிட்டார். மறதி மட்டும் அப்படியே இருந்தது.

ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் பிடிபட்டது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். குறைந்தால் மறதியும் வரும், கால் மரத்தும் போகும். அம்மா சுத்த சைவம் வேறு. அளவு 200 பிகோகிராமுக்கும் கீழே இருந்தது. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் பேச்சில் பழைய தெளிவு வந்தது. எல்லா மறதிக்கும் காரணம் இதுவல்ல. ஆனாலும் சரிசெய்யக்கூடிய காரணம் என்பதால் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

துவையல் இன்னும் வீட்டில் உண்டு, சாப்பாடாக. சர்க்கரைக்கு வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு கொடுப்பதானால் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வருகிற தடுமாற்றமும் பார்ப்பதற்கு மறதி போலவே இருக்கும்.