போட்டோ சேமிக்க எக்ஸ்டர்னல் டிரைவ்: வாங்கும் முன்னும் வாங்கிய அன்றும் செய்ய வேண்டியவை

மேசை விளிம்பில் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க், கேபிளில் என் கால் தட்டிக் கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து அதில் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். டிக்... டிக்... டிக் என்று சீரான இடைவெளியில் ஒரு சத்தம். கணினியில் டிரைவ் தெரியவே இல்லை. நான்கு வருடப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன.

"எந்த டிரைவ் நம்பகமானது?" என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வரும். கெட்டே போகாத டிரைவ் என்று எதுவும் கிடையாது. அதனால் நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள்: எந்த வேலைக்கு எந்த டிரைவ்? அது போய்விட்டால் அடுத்த பிரதி எங்கே இருக்கிறது?

படி 1: எவ்வளவு இடம் வேண்டும்?

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல், திருத்தாமல் வைக்கும் படக் கோப்பு) ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி வரும். வாரத்துக்கு 400 படம் எடுத்தால் 11 ஜிபி, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 580 ஜிபி. எடிட் செய்து 16 பிட் டிஃப் (தரம் குறையாமல் வைக்கும் பெரிய பட ஃபைல் வகை) ஆகச் சேமிப்பவராக இருந்தால், லேயர் எதுவும் இல்லாமலே ஒரு படம் 140 எம்பியைத் தொடும். உங்கள் கணக்கை இப்படிப் போட்டு, மூன்று வருடத்துக்குப் பெருக்கி, கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 400 ரா எடுப்பவருக்கு 2 டிபி இழுத்துப் பிடிக்கும். 4 டிபி வசதி.

1 டிபி டிரைவைச் செருகியதும் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

படி 2: சேமிப்பு வேறு, எடிட்டிங் வேறு

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு வேலைக்கும் ஒரே டிரைவைத் தேடுகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு சுழல்கிறது. அதன் மேல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு முனை மிதந்தபடி படிக்கிறது, எழுதுகிறது. ஓடும்போது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். பையில் போடும் 2.5 அங்குல வகை நொடிக்கு 100 முதல் 140 எம்பி வேகம் தரும். தனி அடாப்டர் வேண்டிய 3.5 அங்குல வகை இன்னும் வேகம், ஆனால் மேசையை விட்டு நகராது. எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிரைவ், அதில் சுழலும் பாகமே இல்லை. அதிலும் இரண்டு வகை. சாட்டா வகை 500 எம்பியைத் தாண்டும், என்விஎம்இ வகை 1000 எம்பியையும் தாண்டும்.

எடிட்டிங்கில் இந்தப் பெரிய எண்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. லைட்ரூம் கிளாசிக் போன்ற எடிட்டிங் மென்பொருள் ஒரு படத்தைக் காட்டுவதற்குள் கேட்லாகையும் (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் கோப்பு) பிரிவியூக்களையும் (முன்னோட்டப் படங்கள்) துண்டு துண்டாக நூறு இடங்களில் தேடிப் படிக்கும். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு துண்டுக்கும் முனையை நகர்த்த வேண்டும். எஸ்எஸ்டிக்கு அந்தச் சிரமம் கிடையாது. எனவே கேட்லாகும் இப்போது எடிட் செய்யும் படங்களும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். முடிந்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றும் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டும் தொடக்கத்துக்குப் போதும். ஹார்ட் டிஸ்க் ஏன் இரண்டு என்பது கடைசிப் படியில் வரும்.

"எல்லாமே எஸ்எஸ்டியில் போட்டுவிட்டால்?" போடலாம், செலவு கூடும். இன்னொன்று, மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் எஸ்எஸ்டி தன்னில் உள்ளதை மெல்ல இழக்கக்கூடும். தூங்க வைக்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு.

படி 3: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

யூஎஸ்பி பெயர்களை வைத்தவர்களுக்கு நம்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றேதான்: நொடிக்கு 5 ஜிகாபிட். 3.2 ஜென் 2 என்றால் 10 ஜிகாபிட். ஜென் 2x2 என்றால் 20. பெயரை விட்டுவிட்டு ஜிகாபிட் எண்ணை மட்டும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு 5 தாராளம். எஸ்எஸ்டிக்கு 10 இருந்தால் நல்லது. 20 ஜிகாபிட் வகைக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் முன் உங்கள் கணினியில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல மேக் கணினிகளில் அது 10க்கு இறங்கித்தான் ஓடும்.

கேபிளும் அதே போல. டைப் சி முனை இருந்தாலே வேகக் கேபிள் ஆகிவிடாது. போனை சார்ஜ் செய்யும் கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0தான், அதில் நொடிக்கு 40 எம்பி போனாலே அதிகம். 64 ஜிபி கார்டை இறக்க அரை மணி நேரம் ஆகிறதென்றால் டிரைவைத் திட்டாதீர்கள், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

"1050 எம்பி வரை" என்பதில் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். மலிவான எஸ்எஸ்டிகள் பல, முதல் சில பத்து ஜிபியை ஒரு வேகமான தற்காலிகப் பகுதியில் வாங்கி வைத்துக்கொள்ளும். அது நிரம்பியதும் மூச்சு வாங்கும். சில சமயம் ஹார்ட் டிஸ்க்கைவிடவும் கீழே போகும். விமர்சனங்களில் 100 ஜிபிக்கு மேல் ஒரே மூச்சில் எழுதிச் சோதித்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்று இரண்டு வகை. எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தி எழுத வேண்டுமானால் பக்கத்தில் உள்ளதையும் மறுபடி எழுத வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். பை அளவு ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர்தான். எழுதிவிட்டு அப்படியே வைப்பதற்குக் குறையில்லை, எடிட்டிங்குக்கு ஒத்துவராது.

படி 4: எந்த கம்பெனி?

ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இன்று உலகத்தில் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு பெயர் போட்ட பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இவர்களில் ஒருவர்தான் இருப்பார். ஆன்லைன் பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் சர்வர்களில் எந்த மாடல் எவ்வளவு கெட்டுப்போகிறது என்ற புள்ளிவிவரத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறது. படிக்க சுவாரசியமானது. ஆனால் அது நாள் முழுக்க ரேக்கில் ஓடும் டிரைவ்களின் கதை. பையில் குலுங்கும் உங்கள் டிரைவுக்கு அப்படியே பொருந்தாது. அதனால் கம்பெனிச் சண்டையில் நான் இறங்குவதில்லை. வாரன்டி எத்தனை வருடம், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று மட்டும் பார்ப்பேன். வாரன்டியில் புது டிரைவ் கிடைக்கும், படம் கிடைக்காது.

16 டிபி எஸ்எஸ்டி, தீப்பெட்டி அளவு, நம்பமுடியாத மலிவு என்று எங்காவது கண்டால் கடந்து போய்விடுங்கள். உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டாகத்தான் இருக்கும், கொள்ளளவு மட்டும் பொய் சொல்லும்.

படி 5: வாங்கிய அன்றே சோதனை

ஒரு படம்கூடப் போடும் முன் இதைச் செய்யுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இரண்டும் இலவச மென்பொருள்கள். டிரைவை முழுதாக நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். 4 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு எழுத மட்டுமே 11 மணி நேரம் பிடிக்கலாம், படிக்க இன்னொரு அவ்வளவு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

அப்புறம் விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை (டிரைவின் உடல்நலம் காட்டும் மென்பொருள்) திறந்து, கெட்ட இடங்களை எண்ணும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். மூன்றிலும் பூஜ்ஜியம் மட்டுமே இருக்க வேண்டும். புது ஹார்ட் டிஸ்க்கில் வேறு எண் தெரிந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

படி 6: ஃபார்மேட்

ஃபார்மேட் என்பது டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறை. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் மட்டும் என்றால் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ், ஹார்ட் டிஸ்க்குக்கு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட். இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகுபவர்களுக்கு எக்ஸ்ஃபேட். இதில் எழுதும்போது பாதியில் பிடுங்கினால் அடி பலமாக விழும், எஜெக்ட் கொடுக்காமல் எடுக்கவே கூடாது.

படி 7: இரண்டாவது பிரதி

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்று சொல்லப்படும் இந்த விதியைப் பரவலாக்கியவர் பீட்டர் க்ரோக், அவரும் ஒரு போட்டோகிராபர்தான். நடைமுறையில் இப்படி: கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு, உடனே ஹார்ட் டிஸ்க் 1க்கு. இரண்டிலும் படம் திறக்கிறது என்று பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்வது. வாரம் ஒருமுறை 1இலிருந்து 2க்கு நகல். 2ஐ எப்போதும் செருகியே வைக்காதீர்கள், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். வைரஸ், மின்னழுத்த ஏற்றம், திருட்டு எல்லாம் செருகியிருக்கும் அத்தனை டிரைவையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகும். எஸ்எஸ்டியில் வேலை முடிந்து ஒரு தொகுப்பை அழிக்கப்போகிறீர்களா? அதற்கு முன் 1, 2 இரண்டிலும் அது இருக்க வேண்டும். ரெய்டு பெட்டி (ஒரே படத்தை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் வகை) வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: அதில் ஒரு படத்தைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

மாதம் ஒருமுறை 2ஐச் செருகி, பழைய ஃபோல்டர்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்து ரா ஃபைல்களை 100 சதவீதம் பெரிதாக்கித் திறந்து பாருங்கள். சின்னப் படம் தெரிகிறதே என்று விட்டுவிடக்கூடாது. ரா ஃபைல் பாதி சிதைந்திருந்தாலும் அதற்குள் பொதிந்திருக்கும் சிறு ஜேபெக் அழகாகவே தெரியும். பெரிதாக்கினால்தான் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையோ நிறக் கோடுகளோ வெளிப்படும்.

அந்த டிக் டிக் சத்தம் என்றைக்காவது கேட்டால், உடனே கேபிளை உருவிவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது, மீட்பு மென்பொருள் ஓட்டுவது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டு இன்னும் கொஞ்சம் கீறப்படலாம். புது டிரைவ் ஒன்று வாங்கி, முதல் வேலையாக இன்னொரு பிரதியை அதில் நகலெடுங்கள். அது முடிந்த பிறகு, கெட்டுப்போனதை என்ன செய்வது என்று நிதானமாக யோசிக்கலாம்.