மின்சார ஸ்கூட்டர்: சார்ஜ் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

2022 மார்ச்சில், நம் வேலூரில், ராத்திரி சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். இன்றும் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் பல வீடுகளில் வண்டி வாசற்படியை ஒட்டித்தான் விடியவிடிய சார்ஜில் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். லித்தியம் பேட்டரி கெட்டால், பல நேரம் தீ தெரிவதற்கு முன்பே புகை கக்கும். அதில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். வெளியே வரும் ஒரே வழியில் வண்டி எரிந்தால் உள்ளே தூங்குகிறவர்கள் எப்படி வருவார்கள்? காம்பவுண்டு ஓரமாக, காற்றாட நிறுத்திச் சார்ஜ் போடுங்கள். அந்த இடம்கூட இல்லையென்றால், படுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்தது, ஓடிவந்த சூட்டோடு சார்ஜ் போடுவது. கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஓட்டத்தில் பேட்டரி தானும் சூடாகியிருக்கும். பெரும்பாலான லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்ற வரம்பே ஏறக்குறைய 45 டிகிரிதான். அதைத் தாண்டினால் பேட்டரியின் ஆயுசு குறையும், ஆபத்தும் கூடும். முக்கால் மணி நேரமாவது நிழலில் ஆற விடுங்கள்.

பழைய சார்ஜர் பழுதானால், '60 வோல்ட்' என்று எழுதியிருக்கும் ஏதோ ஒன்றை வாங்கி வருகிறோம். ஆனால் மேலே எழுதியிருக்கும் வோல்ட் ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் செல்லின் வகையைப் பொறுத்து முழு சார்ஜின் அளவு மாறும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 3.65 வோல்ட்டில் நிறையும், என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம்) செல் 4.2 வோல்ட்டில். பழைய வகையான லெட் ஆசிட் பேட்டரியின் சார்ஜர் கணக்கே வேறு. அதனால் அந்த வண்டிக்கென்று கம்பெனி தரும் சார்ஜரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆடுகிற சுவிட்ச் பெட்டி, எக்ஸ்டென்ஷன் ஒயர் இரண்டும் கூடாது.

புது வண்டி வாங்குகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று மட்டும் கேட்காமல், என்ன செல், ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். சூட்டை அதிகம் தாங்குவது எல்.எஃப்.பி.தான். நம் ஊருக்கு நான் அதைத்தான் சொல்வேன். லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் இயங்கும் சோடியம் அயன் பேட்டரி வந்தாலும் இந்த எச்சரிக்கைகள் மாறாது.

பேட்டரியிலிருந்து புகை வந்துவிட்டால் போர்வை போட்டு அமுக்கவோ, வண்டியை வெளியே தள்ளவோ போகாதீர்கள். முதலில் வீட்டிலுள்ள எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். பிறகு 101-க்குப் போன் போடுங்கள்.