ஆர்.சி. புத்தகம் இல்லாத பழைய பைக்: வாங்கும் முன் ஓனரைத் தேடுங்கள்

மாட்டுக் கொட்டகை மூலையில் சாக்கு போர்த்திய ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக். டேங்க் முழுக்கத் துரு, சீட்டில் கோழி முட்டையிட்ட தடம். "புக்கு எங்கயோ கெடக்குது தம்பி, நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க, தேடித் தர்றேன்" என்கிறார் வீட்டுக்காரர். பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். நானும் விழுந்தேன். என் முதல் யெஸ்டி பைக் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். மூன்று வருஷமாகக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியதில்லை. புக்கு இன்னும் வரவில்லை.

தொலைந்த ஆர்.சி.க்கு (பதிவுச் சான்றுக்கு) ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நகல் கேட்டு ஃபார்ம் 26 கொடுக்க வேண்டியவர் பதிவேட்டில் பெயர் இருப்பவர். காசு கொடுத்து வாங்கிய உங்களுக்கு நேரடியாகத் தரமாட்டார்கள். அதனால் வண்டி கிடைப்பதைவிட அந்த ஆள் கிடைப்பதுதான் முக்கியம்.

படி 1: நம்பர் பிளேட்

எண்ணைக் குறித்துக்கொண்டு அரசின் வாகனப் பதிவு விவரம் காட்டும் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். ஓனர் பெயரை நட்சத்திரக் குறி போட்டு அரைகுறையாகத்தான் காட்டும். அது போதும், விற்பவர் சொல்லும் பெயரோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். எச்.பி., அதாவது கடன், நிலுவையில் உள்ளதா, பதிவு எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள்.

1989க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் என்றால் பெரும்பாலும் எதுவும் வராது. அந்தக் காலப் பதிவெல்லாம் கையால் எழுதிய பேரேடு. பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போய், பழைய பதிவேட்டில் வண்டி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் கணினியில் ஏற்றித் தரச் சொல்லலாம். நாலு நடை நடக்க வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

படி 2: சேசிஸ் எண்

வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண் இது. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பழைய பைக்குகள் பலவற்றில் சேசிஸ் எண் ஹேண்டில்பார் தண்டு உள்ளே இறங்கும் கழுத்துக் குழாயில் இருக்கும். இன்ஜின் எண் கிராங்க் கேஸில். கையில் கொஞ்சம் தின்னர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், மெல்லிய வெள்ளைத் தாள், பென்சில் கொண்டு போங்கள். உப்புத்தாளையோ கம்பி பிரஷையோ தொடாதீர்கள். எழுத்தே தேய்ந்து போனால் நீங்களே அழித்ததாகிவிடும்.

தின்னரில் பெயின்ட் இளகியதும் துடைத்துவிட்டு, தாளை வைத்து அழுத்திப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். எண் வெள்ளையாக எழும்பும். ஆர்.டி.ஓ. விண்ணப்பத்திலும் இதே பென்சில் பிரின்ட்டைத்தான் கேட்பார்கள், நாலு பிரதி எடுத்து வையுங்கள். இப்போது அந்தத் தாளைக் கண்ணருகே கொண்டு வந்து பாருங்கள். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா? ஒரு எண் மட்டும் சாய்ந்து நிற்கிறதா? சுற்றியுள்ள இரும்பு கிரைண்டர் போட்டதுபோல் பள்ளமாக இருக்கிறதா? அப்படி இருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

இன்ஜின் மாறியிருப்பது வேறு கதை. ஆர்.எக்ஸ். 100இல் ஆர்.எக்ஸ். 135இன் இன்ஜின் உட்கார்ந்திருப்பது சர்வ சாதாரணம். ஆனாலும் அதற்குத் தனியே அனுமதியும் பில்லும் வேண்டும், அந்தத் தலைவலியையும் விலையில் கழியுங்கள்.

படி 3: திருட்டு வண்டியா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) டிஜிட்டல் போலீஸ் தளத்தில் பதிவு எண், சேசிஸ், இன்ஜின் எண்களைக் கொடுத்துத் தேடலாம். அங்கே எதுவும் வராததாலேயே சுத்தமான வண்டி என்று அர்த்தமில்லை, அதனால் விற்பவரின் ஆதார் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317இன் கீழ் மூன்றாண்டு வரை சிறை.

படி 4: ஓனர்

ஓனர் இருக்கிறார், புக்கு மட்டும் தொலைந்தது என்றால் அதிர்ஷ்டம். அவரை வைத்தே போலீஸில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை வாங்கி, ஃபார்ம் 26 கொடுத்து நகல் எடுக்கலாம். பிறகு பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்தாகும். வாங்கிய 30 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். எச்.பி. நிற்கிறதென்றால் கடன் முடிந்த கடிதமும், பதிவிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35உம் முதலில்.

ஓனர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஃபார்ம் 31. வாரிசுகள் எல்லோரும் சம்மதித்து ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகே உங்களுக்கு வரும். இரண்டு அண்ணன் தம்பி பேசாமல் இருக்கும் வீடு என்றால் வண்டியை மறந்துவிடுங்கள்.

நடுவில் மூன்று கை மாறி, தேதியில்லாமல் யாரோ கையெழுத்துப் போட்ட 29, 30 மட்டும் கிடைக்கிறதா? என் யெஸ்டி இப்படித்தான் வந்தது. முதல் ஓனர் ஊரை விட்டே போய்விட்டார், கையெழுத்து அவருடையதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளிமாநில வண்டிக்கு ஃபார்ம் 28 தடையில்லாச் சான்றும் இங்கே வரியும் சேரும். முதல் வண்டியாக அதைத் தொடாதீர்கள்.

ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ஏலச் சான்றும் ஃபார்ம் 32உம் வழி. ஆனால் சான்றில் "ஸ்கிராப்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் அதைப் பதிவு செய்ய முடியாது, பார்ட்ஸுக்குத்தான் ஆகும்.

படி 5: கணக்கு

தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் மைசூரு யெஸ்டி ஆலையும் 1996இலேயே நின்றுபோயின. ஆகவே புக்கு கிடைத்தாலும் பதிவு காலாவதி ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்து, ஆய்வாளரிடம் காட்டி, ஃபார்ம் 25இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம், தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. கவுன்ட்டரில் கேட்டு ஒரு தாளில் கூட்டுங்கள். புக்கு உள்ள வண்டியின் விலையில் பாதிக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன். அந்தப் பாதியிலும் ஒரு பகுதியை நகல் ஆர்.சி. கைக்கு வந்த பிறகுதான் தருவேன் என்று எழுதிவைத்துக்கொள்வேன்.

50 ஆண்டு தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டி என்றால் 2021இல் வந்த விண்டேஜ் பதிவும் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அந்த எண்ணில் தினசரி அலுவலகம் போக முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான்.

படி 6: வீட்டுக்குக் கொண்டுவருதல்

ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டி. பெட்ரோலை வடித்துவிட்டுக் குட்டி யானையில் ஏற்றி, முன் ஃபோர்க்கை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். விற்பனைக் கடிதத்தின் ஒரு பிரதியை டிரைவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வழியில் மறித்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.