பழைய ஷெவி பிக்கப்புக்கு ஹைட்ரோபூஸ்ட் பிரேக் மாட்டுவது எப்படி? ரிட்டர்ன் ஹோஸில் நான் பட்ட பாடும் சேர்த்து

என்னிடம் இருப்பது 1984 ஷெவர்லே கே10. டிரக் என்றதும் நம் ஊர் லாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு ஏர் பிரேக், அது தனிக் கதை. இங்கே டெக்சாஸில் டிரக் என்றால் பிக்கப். எனக்கு விற்றவர் 35 இஞ்ச் டயரும் இன்ஜினில் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம்ஷாஃப்டும் போட்டு வைத்திருந்தார். ஐடிலில் நிற்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சிக்னலில் பிரேக்கை மிதித்தால் மரக்கட்டையை மிதிப்பது போல இருக்கும். வேக்யூம் கேஜ் மாட்டிப் பார்த்தேன். அந்தக் கேம்ஷாஃப்டால் ஐடிலில் வேக்யூம் (இன்ஜின் உறிஞ்சும் விசை, பாதரச இஞ்சில் அளப்பது) 10 இஞ்சைத் தாண்டவில்லை. அந்த வேக்யூமை வைத்து நம் மிதிக்குப் பலம் கூட்டும் சாதாரண பூஸ்டர் ஒழுங்காக வேலை செய்ய 16, 18 இஞ்சாவது வேண்டும். பூஸ்டரை எத்தனை முறை மாற்றினாலும் இழுக்க வேக்யூம் இல்லாதபோது அது என்ன செய்யும்?

ஹைட்ரோபூஸ்ட் வேக்யூமை நம்புவதில்லை. பவர் ஸ்டியரிங் பம்ப் கொடுக்கும் ஆயில் பிரஷரே பிரேக்கையும் தள்ளுகிறது. பெண்டிக்ஸ் நிறுவனம் 1973 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு இது. டீசல் இன்ஜினில் இழுக்க வேக்யூம் இருக்காது என்பதால் டீசல் பிக்கப்புகளில் கம்பெனியே இதைப் போட்டு அனுப்பியது. அதனால் நமக்கு ஒரு நல்ல வசதி: 1973 முதல் 1987 வரை வந்த அந்தச் சதுர உடம்பு ஷெவியிலேயே டீசல் அல்லது ஒரு டன் சுமை வகை வண்டி ஒன்று பழைய வண்டி யார்டில் கிடைத்தால், பூஸ்டர், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) பிராக்கெட், பெடலுக்குப் போகும் ராடு எல்லாவற்றையும் ஒன்றாகவே கழற்றி வந்துவிடுங்கள். பூஸ்டர் மட்டும் வாங்கி வந்து பிராக்கெட்டுக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. பூஸ்டரின் பக்கத்தில் உருண்டையாகவோ டப்பா போலவோ ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் அக்குமுலேட்டர். இன்ஜின் நின்றுபோனாலும் ஓரிரு முறை பிரேக் பிடிக்கத் தேவையான பிரஷரைச் சேமித்து வைப்பது அது. இன்ஜினை அணைத்துவிட்டு பெடல் கல் போல ஆகும்வரை பத்துப் பதினைந்து தடவை மிதித்த பிறகே எந்த நட்டையும் தொட வேண்டும். அக்குமுலேட்டரைப் பிரிக்கவோ சூடுபடுத்தவோ கூடாது. ஹோஸ்களுக்கு டேப் சுற்றி எண் போடுங்கள், செல்போனில் நாலு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பூஸ்டரை இறக்கும் வேலையை நான் விவரிக்கப்போவதில்லை. ஃபயர்வாலில் நாலு நட்டு, உள்ளே பெடலில் ஒரு பின், அவ்வளவுதான். டேஷுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதற்கு வழியில்லை. இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வந்த வேக்யூம் ஹோஸை எடுத்ததும் அந்த ஓட்டையை ரப்பர் மூடியால் அடைக்க மறக்காதீர்கள்.

மிதியைப் பிரேக் ஆயில் பிரஷராக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாட்டும்போது பூஸ்டரிலிருந்து வரும் புஷ்ராடு பிஸ்டனைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் இடைவெளி. ராடு முன்கூட்டியே பிஸ்டனை அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் சின்னத் துளை மூடிக்கொண்டு, வண்டி ஓட ஓட பிரேக் இறுகிக்கொண்டே போகும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு பொட்டு ராடு நுனியில் ஒட்டி, மாஸ்டரை வைத்து இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. வேக்யூம் பூஸ்டரில் இருந்த மாஸ்டர் இதில் உட்காரலாம், உட்காராமலும் போகலாம். நான் ஹைட்ரோபூஸ்ட் வண்டிக்கு உரிய மாஸ்டரையே புதிதாக வாங்கிவிட்டேன்.

இனி ஹோஸ். பம்பிலிருந்து பிரஷர் முதலில் பூஸ்டருக்குப் போகும், பூஸ்டரிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸுக்கு, அங்கிருந்து திரும்பும் ஆயில், அதாவது ரிட்டர்ன், பம்புக்கு. இது தவிர பூஸ்டரிலிருந்தும் ஒரு சின்ன ரிட்டர்ன் தனியாகப் பம்புக்கு வரும். என் பம்பில் மெட்ரிக் மரை, ரப்பர் வளையம் அடைக்கும் ஓ-ரிங் வகை. நான் எடுத்து வந்த பூஸ்டரோ குழாய் நுனியை விரித்து அடைக்கும் 1970களின் ஃப்ளேர் வகை. 1980 வாக்கில் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம். ஃப்ளேரிலிருந்து ஓ-ரிங்குக்கு மாறியது, அதனால் வருடம் கலந்தால் இந்தத் தொல்லை வரும். அடாப்டர் மேல் அடாப்டர் போடாதீர்கள். இரண்டு முனையையும் ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்கு எடுத்துப் போனால் அளந்து அழுத்திக் கொடுப்பார்கள். இதில் ஆயிரம் பி.எஸ்.ஐ.க்கு மேல் பிரஷர் வரும், கிளிப் போட்டு இறுக்குகிற இடம் அல்ல. நட்டுகளைத் திறக்க சாதாரண ஸ்பேனர் வேண்டாம், பைப் நட்டுக்கென்றே வரும் வாய் பிளந்த ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். முனை மழுங்கிய நட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

நான் சறுக்கியது ரிட்டர்னில். என் பம்பில் ரிட்டர்ன் வர ஒரே ஒரு குழாய். இரண்டு ரிட்டர்ன் இருக்கிறதே, நடுவில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டுச் சேர்த்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். எல்லாம் மாட்டி முடித்து வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தபோது பிரமாதம். அப்புறம் கடை வாசலில் பார்க்கிங் போட ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன், நான் பெடலைத் தொடாமலே வண்டி தயங்கி நின்றது. ஸ்டியரிங்கை நேராக்கினால் விட்டுவிடும், மறுபடி ஒடித்தால் பிடிக்கும். காலை வைத்துப் பார்த்தால் பெடலில் துடிப்பு தெரிந்தது.

இரண்டு வாரம் மாஸ்டர், புஷ்ராடு, காலிப்பர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். உண்மை ரொம்ப எளிது. பெடலை விட்டதும் பூஸ்டருக்குள் இருக்கும் ஆயில் அந்தச் சின்ன ரிட்டர்ன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து திரும்பும் ஆயில் டீயில் வந்து முட்டும்போது அந்த வழியில் எதிர்ப்பிரஷர் ஏறுகிறது, அது பூஸ்டர் பிஸ்டனைத் தள்ள, பிரேக் தானாகப் பிடிக்கிறது. டீ போட்டும் நன்றாக ஓடும் வண்டிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு ரிட்டர்ன் குழாய் உள்ள பம்ப் டேங்க் தனியாகவே கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிய அன்றே என் பிரச்சினை தீர்ந்தது. பழைய தகர டேங்கிலேயே இன்னொரு குழாய் வெல்டிங் வைப்பவர்களும் உண்டு. உள்ளே ஒரு துணுக்கு இரும்புத்தூள் தங்கினாலும் பம்பும் பூஸ்டரும் போச்சு, அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை.

கடைசியாக ஏர் எடுப்பது. பிரேக் லைனில் வழக்கம்போலச் செய்யுங்கள். ஸ்டியரிங் பக்கம்தான் பொறுமை தேவை. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டேங்கை நிரப்பி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் ஒயரைக் கழற்றிவிட்டு, சில நொடி மட்டும் செல்ஃப் அடியுங்கள். ஆயில் இறங்கும், நிரப்புங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பியபடியே நடுநடுவே பிரேக்கை மிதியுங்கள். ஆயில் நுரைத்துப் பால்போல வெளுத்தால் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் போய் டீ குடியுங்கள், குழாய் டீ அல்ல.

சோதனை இப்படி: இன்ஜினை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதித்துச் சேமிப்பைத் தீர்த்துவிட்டு, லேசாக மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கி, பிறகு காலை மெல்ல மேலே தள்ளினால் பூஸ்டர் வேலை செய்கிறது. ரோட்டுக்கு எடுக்கும் முன் வாசலிலேயே நடக்கிற வேகத்தில் பத்துத் தடவை நிறுத்திப் பாருங்கள். முன்பைவிட லைன் பிரஷர் அதிகம் வரும், முப்பது வருட ரப்பர் பிரேக் ஹோஸ் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் பவர் ஸ்டியரிங் டேங்கில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டேன், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பூஸ்டருக்குப் பவர் ஸ்டியரிங் ஆயில், மாஸ்டருக்கு பிரேக் ஆயில், ஒன்றில் மற்றொன்று ஒரு சொட்டு கலந்தாலும் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். அவர் கடைசியில் பூஸ்டர், ஹோஸ், பம்ப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொருவர் ஊரிலிருந்து, டீசல் ஜீப்புக்கு இதைப் போடலாமா என்று கேட்டார். அங்கே ஆல்டர்னேட்டரோடு வேக்யூம் பம்ப் வரும் இன்ஜின்கள் இருக்கின்றன, முதலில் அதைச் சரிபாருங்கள், பாதிச் செலவில் வேலை முடியும்.

அப்புறம் பெல்ட். இனி அந்த ஒரு பெல்ட் அறுந்தால் ஸ்டியரிங், பிரேக் இரண்டின் உதவியும் சேர்ந்தே போகும். அக்குமுலேட்டர் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும், அதன்பின் காலில் உள்ள பலம்தான். நான் புது பெல்ட் போட்டுவிட்டு, பழையதைச் சீட்டுக்கு அடியில் ஸ்பேனரோடு வைத்திருக்கிறேன்.