நார்ட்டன் கமாண்டோ முன் ஃபோர்க்கை மறுபடி பூட்டியபோது

கமாண்டோ பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ரோட்ஹோல்டர் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் எல்லோரும் அதைத் தடுக்கும் ஆயில் சீலைத்தான் மாற்றுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஃபோர்க் பைப்பை. சீல் ஓடும் இடத்தில் துருக்குழி நகத்தில் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது. தடித்த கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

பைப்பின் அடியில் ஸ்டீல் புஷ் (பைப் ஆடாமல் சறுக்க உதவும் வளையம்), அதைப் பிடித்து நிறுத்த சர்க்லிப். அதன் மேல் வெண்கல புஷ், பேப்பர் வாஷர், ஆயில் சீல், கடைசியாக மரையுள்ள காலர். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே, எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். பைப் முனையில் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி சீலை இறக்கினேன். இல்லாவிட்டால் முனை சீலின் உதட்டைக் கிழித்துவிடும்.

ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் டாம்பர் குழாயைப் பிடிக்கும் அடி போல்ட்டின் ஃபைபர் வாஷர் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். பழையதைப் போட்டால் அடியில் சொட்டும். டாம்பர் ராடை மேல் நட்டோடு இணைக்கும் லாக்நட்டை நன்றாக முறுக்குங்கள். அது தளர்ந்து ராட் கழன்றால் டாம்பிங்கே போய்விடும்.

எண்ணெய் ஒரு காலுக்கு 150 மில்லி, எஸ்ஏஇ 20.

முறுக்கும் வரிசைதான் முக்கியம். மேல் நட்டை இறுக்கி, பைப்பின் டேப்பரை (கூம்பான மேல் முனையை) மேல் யோக்கில் (இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் துண்டில்) உட்கார வைத்த பிறகே கீழ் யோக் போல்ட். முன் சக்கர அச்சு நட்டை முறுக்கியதும் ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். பைப்பின் மேல் சறுக்கும் கீழ்ப்பகுதியான ஸ்லைடர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அச்சைக் கவ்வும் பின்ச் போல்ட் அதற்குப் பிறகுதான். முன்னதாக இறுக்கினால் இரண்டு கால்களும் இழுபட்டு, ஃபோர்க் பாதியிலேயே சிக்கும்.