ஈர மலையில் காக்கர் ஸ்பானியல் வளர்க்கும் முறை

நீலகிரியில் காக்கர் ஸ்பானியல் நாய் வளர்க்க விரும்புபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அது இந்தக் குளிரைத் தாங்குமா என்பதே. தாங்கும். உதகையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனி நாள்களில்கூட, வீட்டுக்குள் தரையிலிருந்து சற்று உயர்த்திய படுக்கை இருந்தால் அதற்குப் போதும். அதை வாட்டுவது ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வந்து, ஜூன் முதல் டிசம்பர் வரை துணி காயாத இந்த மலையில், ஸ்பானியல் வளர்ப்பில் முக்கால் பங்கு வேலை அதன் காதுகளை உலர்வாக வைத்திருப்பதே என்பதைக் கோத்தகிரியில் பதினோரு ஆண்டுகளாக ஒரு ஸ்பானியலுடன் வாழ்ந்து கற்றுக்கொண்டேன்.

புதருக்குள் பதுங்கும் உட்காக் என்னும் பறவையை எழுப்பிவிடப் பழக்கப்பட்டதால்தான் இந்த இனத்துக்குக் காக்கர் என்ற பெயர் வந்தது. குளிர்காலத்தில் நம் சோலைகளுக்கும் வலசை வரும் பறவை அது. வேட்டை போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. பாதையில் நடக்கச் சொன்னால் பாதையோரப் புதருக்குள் தலையை நுழைத்துத்தான் நடக்கும். பனி சொட்டும் செடிகளுக்குள் தரையைத் தொடும்படி தொங்கும் இரண்டு காதுகளும் அப்போது நனைகின்றன. அந்தக் காது மடல் துளையை மூடிக்கொள்வதால் உள்ளே காற்றோட்டம் இல்லை. நாயின் காதுக்குழாய் முதலில் கீழ்நோக்கிச் சென்று பிறகு உட்புறமாகத் திரும்புவதால் புகுந்த ஈரம் எளிதில் வெளியேறுவதும் இல்லை. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த அந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் விரைவில் பெருகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு நடைக்குப் பிறகும் இரண்டு மடல்களையும் தலைமேல் மடித்துப் பிடித்து, உட்புறத்தை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, முகர்ந்து பாருங்கள். நலமான காதில் நாற்றம் இராது. புளித்த மாவைப் போன்ற வாடை வந்தாலோ, தோல் சிவந்திருந்தாலோ, பழுப்பு நிற மெழுகு சேர்ந்திருந்தாலோ, நாய் அடிக்கடி தலையை உதறினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாரம் ஒருமுறை, மருத்துவர் பரிந்துரைத்த காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறையும் அளவுக்கு விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெல்லப் பிசைந்து, நாயைத் தலையை உதறவிட்டு, மேலே வந்த அழுக்கை மட்டும் பஞ்சால் துடைத்தெடுங்கள். காது குடையும் குச்சி வேண்டாம். அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மடலின் உட்புற மேல் பகுதியில் அடர்ந்திருக்கும் உரோமத்தை மாதம் ஒருமுறை ஒட்டக் கத்தரித்துவிட்டால் காற்று புகும். உணவும் தண்ணீரும் வைக்க, காதுகள் வெளியே தொங்கும்படி வாய் குறுகிய, ஆழமான கிண்ணம் நல்லது.

முதல் ஆண்டில் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். முன்பு வாங்கி மிஞ்சியிருந்த சொட்டு மருந்தை, அதே நோய்தான் என்று நானே முடிவு செய்து என் நாயின் காதில் ஊற்றினேன். இரண்டாம் முறை வந்தது வேறு கிருமி. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. வலி தாளாமல் உதறி உதறி அவள் மடலுக்குள் இரத்தம் கட்டியதையும் அந்த முறை பார்த்தேன். மருத்துவர் காதுக்குள் பார்க்காமல் பழைய மருந்தை ஊற்றாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், உணவு ஒவ்வாமை உண்டா என்று பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் குளியலைக் குறைத்து, வெயில் தலைகாட்டும் நண்பகலாகப் பார்த்துக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றிய பிறகு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து அடி உரோமம் வரை உலர்த்துங்கள். உலர்த்துவதற்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது; அதன் புகை நாயோடு மனிதரையும் கொல்லும். தினமும் சீப்பிட்டால் காதின் பின்புறமும் முன்னங்கால் இடுக்கிலும் சடை விழாது.

தேயிலைத் தோட்டத்துக்கும் சோலை ஓரத்துக்கும் போய் வந்ததும் விரல் இடுக்குகளில் அட்டையும் உண்ணியும் தேடுங்கள். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். ஓடை நீர் குடித்த நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்து தும்மினால் அட்டை உள்ளே இருக்கலாம், மருத்துவர்தான் எடுக்க வேண்டும். உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பபேசியா நோய்கள் உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதால் மாதாந்திரத் தடுப்பு மருந்தைத் தவறவிடாதீர்கள். பூச்சிமருந்து தெளித்த தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தோன்றியதே அந்த நோய்க்காகத்தான்.

வளர்ந்த காக்கர் 12 முதல் 15 கிலோ வரை இருக்கலாம். அதற்கு மேல் ஏற விட்டால் மூட்டுகள் தேயும். இந்த இனத்துக்குக் கணைய அழற்சி எளிதில் வரும் என்பதால், நெய்யும் டால்டாவும் மிகுந்த வர்க்கியைத் தேநீர் நேரத்தில் அன்பாகக் கிள்ளிப் போடும் வழக்கத்தை வீட்டார் அனைவரும் விட வேண்டும். ஊட்டி சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் வெங்காயமும் அப்படியே.

குட்டி வாங்குபவர்கள் எட்டு வாரம் நிறைவதற்கு முன் வாங்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகளும் அதைத் தடை செய்கின்றன. பெற்றோருக்கு விழித்திரைச் சிதைவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுக்கான மரபணுச் சோதனை நடந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு நாயைத் தனியே வெளியே விடாதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் சிறுத்தை வீட்டுத் திண்ணைவரை வந்து நாய்களைத் தூக்கிச் செல்கிறது. காட்டெருமையும் கரடியும் தோட்டப் பாதைகளில் நடமாடுகின்றன, ஸ்பானியலோ எந்த மணத்தையும் விரட்டிப் பார்க்கும் குணமுடையது. இரவில் சிறுநீர் கழிக்க வெளியே போனாலும் விளக்கைப் போட்டு, கயிற்றைக் கையில் பிடித்து நீங்களும் உடன் செல்லுங்கள். உள்ளே வந்ததும் பாதங்களோடு காதுகளையும் ஒருமுறை துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.